அண்டத் தோற்றமும் உயிர் வாழும் உலகங்களும்

இப்பேரண்டம் எங்ஙனம் தோன்றிற்று? இந்நிலவுலகைப் போல உயிர்கள் தங்கி வாழ்தற்கு ஏற்ற உலகங்கள் வேறு உளவோ? இவ்விரண்டு வினாக்களும் மக்கள் உள்ளத்தில் மிகப் பழங்காலத்திலேயே எழுந்தவை. முன்னது காலத்தைப் பற்றியது. பின்னது இடத்தைப் பற்றியது. ஆதலின் இவை தம்முள் தொடர்பின்றித் தனித்தனியே ஆராயத்தக்கன என்று தோன்றுதல் இயல்பே. ஆயினும், சென்ற ஒன்றரை நூற்றாண்டுக் கால வானூல் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலனாகும். ஒன்றைத் தேடப் புகுந்தோர் மற்றொன்றைக் கண்டெடுத்தனர். ஒன்றில் தோல்வியுற்றோர் மற்றொன்றுக்கு வழி வகுத்தனர். இங்ஙனம் இரண்டு தேடல்களும் ஒன்றையொன்று வளர்த்த வரலாறு அறிவுக்கு நல்விருந்து. அதனோடு, நம்பிக்கையுடையார் அறிவியலை எவ்வாறு அணுகுதல் வேண்டும் என்பதற்கு ஒரு பாடமும் அதன்கண் அடங்கியுள்ளது.

செவ்வாயிற் கண்ட கோடுகள்

1877-ஆம் ஆண்டில் பூமியும் செவ்வாயும் தம்முள் மிக அணுகி வந்தன. அப்போது இத்தாலி நாட்டு மிலான் நகர வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராய் விளங்கிய ஸ்கியாபரெல்லி என்பார், செவ்வாயின் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் பல ஓடக் கண்டார். அவற்றைத் தம் மொழியிற் 'கனாலி' என வழங்கினார். அச்சொல் இயற்கையாய் அமைந்த நீரோடைக்கும், மக்கள் வெட்டிய கால்வாய்க்கும் பொதுவானது. ஆங்கிலத்தில் அதனைப் பெயர்த்தோர் 'கால்வாய்' என்னும் பொருளையே கொண்டனர். ஓடை தானே உண்டாவது. கால்வாய்க்கோ வெட்டுவோன் ஒருவன் வேண்டும். ஒரு சொல் மொழி மாறிய அளவில், ஆளில்லாத ஓர் உலகில் குடிமக்கள் தோன்றிவிட்டனர்!

இச்செய்தியில் உள்ளம் பறிகொடுத்தவர் பெர்சிவல் லோவெல். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் 1855-ஆம் ஆண்டில் செல்வக் குடியொன்றிற் பிறந்தவர். ஜப்பானிலும் கொரியாவிலும் உலவி, அந்நாடுகளைப் பற்றி நூல்கள் இயற்றியவர். அவர் 1894-ஆம் ஆண்டில், அரிசோனாப் பகுதியிலுள்ள பிளாக்ஸ்டாப் என்னும் சிற்றூரை அடுத்த குன்றின்மேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7,200 அடி உயரத்தில், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஒரு வானாராய்ச்சி நிலையத்தை நிறுவினார். செவ்வாயை ஆராய்தலே அதன் முதல் நோக்கம். 24 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியின் வழியே இரவு இரவாகச் செவ்வாயை நோக்கி நூற்றுக்கணக்கான கோடுகளை வரைந்தார் அவர். செவ்வாய் வறண்டு வரும் உலகம் என்பதும், ஆங்கு வாழும் அறிவுடை உயிர்கள் துருவப் பனிநீரை வயல்களுக்குக் கொணர வெட்டிய கால்வாய்களே அக்கோடுகள் என்பதும் அவர் துணிபு. 1895, 1906, 1908 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய மூன்று நூல்களும் உலகெங்கும் ஆர்வத்தைக் கிளப்பின.

மறுப்போரும் இல்லாமல் இல்லை. டார்வினோடு ஒருங்கே இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்ட ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், 1907-ஆம் ஆண்டில், தம் 84-ஆம் வயதில், லோவெல்லின் கூற்றை மறுத்து ஒரு நூல் எழுதினார். செவ்வாய் மிகக் குளிர்ந்தது; அதன் காற்று மிக மெலிந்தது; பாலை நிலத்தின் வழியே திறந்த கால்வாயில் நீரைச் செலுத்துதல் இயலாத செயல் என்பன அவர் காட்டிய தடைகள். 1909-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரை அடுத்த மெடானில், 33 அங்குலத் தொலைநோக்கியால் நோக்கிய அந்தோனியாடி என்பார்க்கு நேர்கோடுகள் தோன்றவில்லை. ஒழுங்கற்ற புள்ளிகளும் திட்டுகளுமே தோன்றின. சிதறிய புள்ளிகளைக் கோடாக இணைத்துக் காணுதல் கண்ணின் இயல்பு என்பது தெளிவாயிற்று. லோவெல் இதனை ஏற்றாரல்லர். 1916-ஆம் ஆண்டில் உயிர் நீங்குமளவும் தம் கொள்கையினின்றும் அவர் வழுவவில்லை.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

லோவெல்லின் உழைப்பு வீணாயிற்றோ எனின், அன்று. அவருடைய நிலையத்தில் 1901-ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய வெஸ்டோ ஸ்லைபர் என்னும் அடக்கம் மிக்க இளைஞர் அவ்வுழைப்புக்கு எதிர்பாராத பயனை ஈட்டித் தந்தார். வானில் சுருள் சுருளாக மங்கித் தோன்றும் முகில் போன்ற பொருள்களை, பிறந்துகொண்டிருக்கும் ஞாயிற்றுக் குடும்பங்கள் என லோவெல் கருதியிருந்தார். அவற்றில் கோள்கள் எங்ஙனம் உருவாகின்றன என்று அறிந்தால், உயிர் வாழும் உலகங்களின் பிறப்பும் புலனாகும் அன்றோ? ஆதலின் அச்சுருள்களின் ஒளியைப் பகுத்து ஆராயுமாறு 1909-ஆம் ஆண்டில் ஸ்லைபரைப் பணித்தார்.

நிலையத்தை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதல் ஒலி கூர்மையாய்க் கேட்கும். நம்மைக் கடந்து செல்லுங்கால் அவ்வொலி தணியும். ஒளியிலும் இத்தகைய மாறுதல் உண்டு. அணுகி வரும் பொருளின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகிச் செல்வதன் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும். அந்நகர்ச்சியின் அளவைக்கொண்டு வேகத்தைக் கணிக்கலாம். சுருள்களின் ஒளியோ மிக மங்கியது. ஒரே படத்தை எடுப்பதற்குப் பல இரவுகள் தொடர்ந்து கண்ணாடித் தகட்டை ஒளிபடச் செய்தல் வேண்டும். ஸ்லைபர் பொறுமையே வடிவாய் அமர்ந்து இதனைச் செய்தார். 1912-ஆம் ஆண்டில் ஆண்டிரோமீடாச் சுருளின் வேகத்தை அளந்து, அது வினாடிக்கு 300 கிலோமீட்டர் விரைவில் அணுகி வருகின்றது எனக் கண்டார். 1917-ஆம் ஆண்டிற்குள் 25 சுருள்களை அளந்து முடித்தார். அவற்றுள் 4 மட்டுமே அணுகுவன. ஏனைய 21-உம் பெருவிரைவோடு விலகிச் செல்வன. இத்துணை வேகமுடையவை நம் விண்மீன் கூட்டத்திற்கு உட்பட்ட இளங்கோள் குடும்பங்களாதல் அரிது என்பது உணரப்பட்டது.

வில்சன் மலையிலுள்ள 100 அங்குலத் தொலைநோக்கியின் துணைகொண்டு எட்வின் ஹபிள் 1923-ஆம் ஆண்டில் ஆண்டிரோமீடாவின் தொலைவை அளந்து, அது நம்முடையதைப் போன்ற தனியொரு விண்மீன் மண்டலமே என நிலைநாட்டினார். தொலைவு மிக மிக விலகும் வேகமும் மிகும் என்னும் விதியை 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு அவர் கையாண்ட வேகக் கணக்குகளிற் பெரும்பாலன ஸ்லைபர் அளந்தவை. எனினும் உரிய நன்றி அக்கட்டுரையில் ஸ்லைபருக்குக் கூறப்படவில்லை. அண்டம் விரிகின்றது என்னும் மாபெரும் உண்மையின் முதற்சான்று, செவ்வாயில் மக்களைத் தேடுவதற்கென எடுத்த கட்டடத்திலே கிடைத்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தொடக்கம் உண்டோ, இலதோ?

ஹபிளுக்கு இரண்டாண்டு முன்னரே, 1927-இல், பெல்ஜிய நாட்டுப் பாதிரியாரும் கணித அறிஞருமாகிய ஜியார்ஜ் லெமேத்ர் இவ்விரிவைக் கணித்துப் பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தார். அதற்கும் முன்னர், 1922-இல், ருசிய நாட்டுப் பிரீட்மன் என்பார் விரியும் அண்டம் இயலக்கூடியதே எனக் கணக்கினாற் காட்டியிருந்தார். ஐன்ஸ்டைன் இருவர் கூற்றையும் முதலில் விரும்பவில்லை. அண்டம் மாறாது நிலைத்திருப்பது என்பதே அக்காலத்தில் அவர் கருத்து. லெமேத்ரிடம், கணக்கு பிழையற்றது, ஆயின் அதன்வழிக் கொண்ட இயற்பியற் கருத்து ஏற்கத்தகாதது என்று அவர் கூறியதாகச் சொல்வர். ஹபிளின் அளவைகள் வெளிவந்த பின்னரே அவர் மனம் மாறினார்.

விரியும் பொருளின் கதையைப் பின்னோக்கிச் செலுத்தினால் அது ஒரு காலத்திற் குறுகியிருந்திருத்தல் வேண்டும். 1931-ஆம் ஆண்டில் லெமேத்ர் இதனைத் துணிந்து கூறினார். அண்டம் முழுவதும் ஆதியில் ஒரே அணுவாய்ச் செறிந்திருந்து, அது சிதைந்து விரிந்ததே இன்று காண்பது என்பது அவர் கொள்கை. அவருக்கு ஆசிரியராய் இருந்த எட்டிங்டனுக்கே இத்தகைய திடீர்த் தொடக்கம் உவப்பாக இல்லை.

தடை ஒன்றும் வலிமையாய் நின்றது. ஹபிளின் அளவைப்படி கணித்தால் அண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டே. பூமியின் பாறைகளோ 300 கோடி ஆண்டிற்கு மேற்பட்ட வயதைக் காட்டின. தாயினும் மகள் மூத்தவளாதல் எங்ஙனம்? இவ்விடர்ப்பாட்டைக் கருதியே 1948-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர்களாகிய பிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு ஆகிய மூவரும் வேறொரு கொள்கையை வகுத்தனர். அண்டத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அது விரியும்போது இடைவெளியிற் புதுப்பொருள் சிறிது சிறிதாகத் தோன்றி நிறைக்கும். ஆதலின் அது என்றும் ஒரே தோற்றமாய் இருக்கும் என்றனர். இது 'நிலைத்த நிலைக் கொள்கை' எனப்படும். எதிர்க்கொள்கையை 'பெருவெடிப்பு' என்று முதன்முதற் பெயரிட்டு அழைத்தவரும் ஹாயிலே. 1949-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் வானொலிச் சொற்பொழிவில் அவர் கூறிய அப்பெயரே பின்னர் நிலைத்துவிட்டது.

1951-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் உரோமையில் அறிவியற் கழகத்தார் முன் ஆற்றிய உரையில், அண்டத்திற்குத் தொடக்கம் உண்டு என்னும் புதிய ஆராய்ச்சி படைப்பைப் பற்றிய சமய நம்பிக்கைக்கு அரணாவது எனும் கருத்தை வெளியிட்டார். கேட்டோர் பலர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி கொள்ளாதவர் லெமேத்ர். தம் கொள்கை மெய்யாகலாம், பொய்யாகலாம். அது அளவைகளால் துணியப்பட வேண்டிய ஒன்று. சமயத்திற்கு அது சான்றும் அன்று, பகையும் அன்று என்பதே அவர் நிலை. குருத்துவ உடை அணிந்த ஒருவர், தம் மதத் தலைவரின் பாராட்டே தம் கொள்கைக்குக் கிடைத்தபோதும், அதனைத் துணையாகக் கொள்ள மறுத்தமை அரிய செயல்.

தோற்றவர் தந்த செல்வம்

கொள்கைப் போர் முற்றிய காலத்திலே மற்றொரு வினா எழுந்தது. கார்பன், ஆக்சிஜன், இரும்பு முதலிய தனிமங்கள் எங்கு விளைந்தன? ஆதிப் பெருவெப்பத்தில் எல்லாம் ஒருங்கே வெந்து விளைந்தன என்றார் காமாவ். ஹாயிலின் அண்டத்திலோ அத்தகைய ஆதி அடுப்பு இல்லை. ஆகவே விண்மீன்களின் உள்ளேதான் அவை சமைந்திருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார்.

மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் கூடினால் ஒரு கார்பன் அணுக்கரு உண்டாகும். ஆயின் அக்கூட்டம் நிலைப்பது அரிது. கார்பன் அணுக்கருவுக்குக் குறிப்பிட்டதோர் ஆற்றல் நிலை அமைந்திருந்தால் அன்றிப் போதிய கார்பன் விளையாது. உலகில் கார்பன் மிகுந்திருத்தலோ கண்கூடு. ஆதலின் அந்நிலை இருந்தே தீர வேண்டும் எனக் கணித்த ஹாயில், கலிபோர்னியாவிலிருந்த வில்லியம் பௌலரின் ஆய்வுக்கூடத்தாரைச் சோதிக்குமாறு வேண்டினார். அவர்கள் ஐயத்துடனே சோதித்தனர். ஹாயில் கூறிய இடத்திலேயே அந்நிலை காணப்பட்டது. இது 1953-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 1957-ஆம் ஆண்டில் பர்பிட்ஜ் தம்பதியர், பௌலர், ஹாயில் ஆகிய நால்வரும் எழுதிய நெடுங்கட்டுரை, தனிமங்கள் விண்மீன்களில் விளையும் முறையை விரித்துரைத்தது. அப்பணிக்காகப் பௌலர் 1983-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அப்பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டவர், தமிழ்க் குடும்பத்திற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பது தமிழ் மக்கள் அறிந்ததே. ஹாயிலுக்கு அப்பரிசு கிட்டவில்லை.

இதன் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஹைட்ரஜனும் ஹீலியமும் ஆதியில் தோன்றின. காமாவின் கூற்று அதுவரை மெய். கார்பன் முதலியன விண்மீன்களில் விளைந்து, அவை மடியும்போது வெளியே சிதறின; ஹாயிலின் கூற்று அதுவரை மெய். விண்மீன்கள் பல பிறந்து மடிந்த பின்னரே பாறையும் நீரும் உடலும் உடைய உலகங்கள் அமையும் என்னும் தெளிவு, அண்டத் தோற்றத்தைப் பற்றிய வழக்கிற் பிறந்ததே ஆகும்.

1965-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள்

இரண்டு வரலாறுகளும் ஒரே திங்களிற் பெருந்திருப்பம் அடைந்தன. அமெரிக்க நாட்டு நியூ ஜெர்சியிலுள்ள தொலைபேசி ஆய்வுக்கூடம் ஒன்றில், கொம்பு வடிவான பெரிய வானலை வாங்கியைக்கொண்டு ஆராய்ந்த அர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும் 1964-ஆம் ஆண்டில் ஓர் இடையறாத இரைச்சலைக் கேட்டனர். எத்திசை நோக்கினும் அது குறையவில்லை, எப்பருவத்திலும் மாறவில்லை. கருவியினுள் கூடு கட்டிய புறாக்களை அகற்றி, அவற்றின் எச்சத்தையும் துடைத்துப் பார்த்தனர், இரைச்சல் நீங்கவில்லை. அண்மையிலிருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கியும் ஜேம்ஸ் பீபிள்ஸ் முதலிய அவருடைய துணைவரும் இத்தகைய ஆதி வெப்பத்தின் எச்சத்தையே தேடிக் கருவி அமைத்துக்கொண்டிருந்தனர். 1948-இலேயே ஆல்பர், ஹெர்மன் என்னும் இருவர் இதனை முன்னறிந்து கூறியிருந்தனர். உலகம் அதனை மறந்திருந்தது. இரு குழுவினரின் கட்டுரைகளும் 1965 ஜூலையில் அடுத்தடுத்து அச்சேறின. நிலைத்த நிலைக் கொள்கையை ரைலின் வானலை ஆராய்ச்சிகள் முன்னரே அசைத்திருந்தன. இப்போது அது சாய்ந்தது. ஹாயில் மட்டும் 2001-இல் மறையும் வரை தொடக்கத்தை முற்றும் ஏற்றாரல்லர்.

அதே ஜூலைத் திங்கள் 14, 15-ஆம் நாட்களில் மாரினர்-4 என்னும் விண்கலம் செவ்வாய்க்கு 10,000 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிற் கடந்து சென்று 22 படங்களை அனுப்பியது. கால்வாய் இல்லை, வயல் இல்லை, வட்டமான பள்ளங்கள் நிறைந்த வறண்ட நிலமே தோன்றியது. காற்றழுத்தம் நிலவுலகின் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. ஓராண்டு கழித்து, 1966 ஜூன் 20-ஆம் நாள் லெமேத்ர் காலமானார். ஆதி வெப்பத்தின் எச்சம் கிடைத்த செய்தி, நோயுற்றுக் கிடந்த அவருக்கு இறுதி நாட்களில் எட்டியது. இவ்விரு செய்திகளும் வெளிவந்த காலத்தில் முதியவர் ஸ்லைபரும் உயிருடன் இருந்தார். தாம் பணியாற்றிய நிலையத்தின் கனவு கலைந்ததும், தம் அளவைகள் அடித்தளமிட்ட கொள்கை வென்றதும் அவருடைய 89-ஆம் வயதில் ஒருங்கே நிகழ்ந்தன.

செவ்வாயின் கதை ஆண்டும் முடியவில்லை. 1971-இல் அதனைச் சுற்றத் தொடங்கிய மாரினர்-9, நீரோடி வற்றிய பழைய ஆற்றுப் படுகைகளைக் காட்டிற்று. அவை ஸ்கியாபரெல்லி கண்ட கோடுகள் அல்ல. ஆயினும் வெட்டிய கால்வாய் இல்லாத உலகில் ஓடிய ஆறு இருந்தமை தெளிவாயிற்று.

பிற ஞாயிறுகளின் கோள்கள்

ஸ்லைபரின் முறையே பின்னர்ப் பிற ஞாயிறுகளின் கோள்களையும் காட்டிற்று. கோள் ஒன்று சுற்றுமாயின், அதன் ஈர்ப்பினால் விண்மீனும் சிறிதே அசையும். அவ்வசைவு நிறமாலையிற் புலனாகும். ஸ்லைபர் அளந்தது வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். இதற்கு வேண்டுவதோ வினாடிக்குச் சில பத்து மீட்டர்களை அளக்கும் நுட்பம். ஜெனீவாவைச் சேர்ந்த மிஷேல் மையர், திதியே கெலோ ஆகிய இருவரும் 1995-ஆம் ஆண்டில் அதனை எய்தினர். ஏறத்தாழ 50 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள '51 பெகாசி' என்னும் விண்மீனை, வியாழனிற் பாதியளவு நிறையுடைய ஒரு கோள் 4 நாட்களுக்குச் சற்று மிகுந்த காலத்திற் சுற்றி வருவதைக் கண்டனர். ஞாயிற்றைப் போன்றதொரு விண்மீனைச் சுற்றும் கோளாக முதலில் உறுதிப்பட்டது அதுவே.

2009-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலம் 2018 வரை உழைத்து, 2,600-க்கு மேற்பட்ட கோள்களைக் காட்டியது. 2017-இல் டிராப்பிஸ்ட்-1 என்னும் சிறு விண்மீனைச் சுற்றிப் பூமியளவினவாய ஏழு கோள்கள் உள்ளமை தெரிந்தது. அதன் தொலைவு 40 ஒளியாண்டு. உறுதிப்பட்ட கோள்களின் தொகை 2025-ஆம் ஆண்டில் 6,000-ஐக் கடந்தது. அவற்றுட் சில, நீர் நீராகவே நிற்கத்தக்க வெம்மையை அடையும் தொலைவில் உள்ளவை. அத்தொலைவில் இருத்தல் மட்டும் வாழ்வுக்குப் போதாது. காற்று வேண்டும், நீர் வேண்டும். 2025-இல் கே2-18பி என்னும் கோளின் காற்றில் உயிர்க்குறியாகத்தக்க ஒரு வாயு தென்பட்டது எனச் சில அறிஞர் அறிவித்தனர். அதே அளவைகளை மீண்டும் ஆராய்ந்த வேறு சிலர் அது போதிய சான்றன்று என்றனர். லோவெல்லின் கோடுகளை உலகம் மறக்கவில்லை என்பதற்கு இவ்வெச்சரிக்கையே சான்று.

2019-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசிற் பாதி பீபிள்ஸுக்கும், மறுபாதி மையர், கெலோ இருவருக்கும் வழங்கப்பெற்றது. அண்டத்தின் வரலாற்றை ஆராய்ந்தவரும் பிற உலகங்களைக் கண்டவரும் ஒரே பரிசுக்கு உரியராயினர்.

நிறைவுரை

அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என இன்று கணிக்கின்றனர். தாயினும் மகள் மூத்தவளாகும் இடர் நீங்கிற்று. எனினும் அது விரியும் வேகத்தை ஒரு வழியில் அளந்தால் ஓர் எண்ணும், மற்றொரு வழியில் அளந்தால் வேறோர் எண்ணும் கிடைக்கின்றன. வழக்கு இன்னும் முடியவில்லை.

புதுக் கண்டுபிடிப்பு ஒன்று வெளிவருந்தோறும், இஃது எம் நூல்களில் முன்னரே கூறப்பட்டது என மகிழ்ந்து சாற்றுவோர் எல்லா நாட்டிலும் எல்லாச் சமயத்திலும் உளர். அம்மகிழ்ச்சி ஓர் இடரை உடன் கொணர்கின்றது. அறிவியற் கொள்கை அளவைக்கு அடங்கியது. புதிய அளவை வந்தால் அது மாறும், மாறவும் வேண்டும். அத்தகைய கொள்கையின்மேல் நம்பிக்கையைச் சார்த்தி வைப்பவர், கொள்கை சாயுங்கால் நம்பிக்கையும் சாயக் காண்பர். லெமேத்ர் தம் இறை நம்பிக்கையைக் கோயிலில் வைத்தார். தம் கணக்கை அளவைகளின் முன் வைத்தார். இரண்டையும் உயிரினும் மேலாகப் போற்றியமையாலேயே ஒன்றுக்கு மற்றொன்றைக் காவலாக நிறுத்த அவர் உடன்படவில்லை. அண்டத்தின் முன் பணிவோடு நிற்பார் யாவரும் உளங்கொள்ளத்தக்க நெறி அது.